2147483647: ஒரு பகா எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குப் பாடம் நடத்தும்போதும் சரி, நிரல் எழுதும் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும்போதும் சரி, இந்தப் பத்து இலக்க எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடக் கணக்கு நினைவிருந்தால் போதும், கடைசி வரை வந்துவிடலாம். இலங்கை வாசகர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் முதன்மை எண் என்று படித்ததைத்தான் இங்கே பகா எண் என்கிறேன். 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் அது.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இது எங்கிருந்து வந்தது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 2,14,74,83,647.

இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் இது வரும். அதாவது 2³¹ − 1. சதுரங்கப் பலகையில் நெல் வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 31ஆவது கட்டத்தை நிரப்பி முடிக்கும்போது பலகையில் இருக்கும் மொத்த நெல்மணிகள் சரியாக 2147483647. ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது டன்னுக்கு மேல். பலகையில் பாதிகூட இன்னும் நிரம்பவில்லை.

0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரண்டடிமான முறையில் எழுதினால் இது வெறும் 31 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. கீழே நான் சொல்லப்போகும் குணங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை: இது 2இன் ஓர் அடுக்குக்கு ஒன்றே ஒன்று குறைவு.

இது பகா எண் என்று முதலில் நிரூபித்தது யார்?

18ஆம் நூற்றாண்டின் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர். பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த முடிவு இருக்கிறது. அந்தக் கடிதம் வெளிவந்தது 1772இல். அப்போது அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. வலது கண் பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட, மற்றதும் இந்தக் காலத்தில் மங்கிவிட்டது. அந்த நிலையில் ஒருவர் பத்து இலக்க எண்ணைப் பகா எண் என்று நிறுவினார் என்பதை வகுப்பில் சொல்லும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

அவருக்கு முன்பே இத்தாலியரான பியேத்ரோ கத்தால்தி 2³¹ − 1 பகா எண்தான் என்று சொல்லியிருந்தார். ஆனால் 2²³ − 1, 2²⁹ − 1, 2³⁷ − 1 ஆகியவற்றையும் சேர்த்தே சொன்னார். அந்த மூன்றும் தவறு. 23, 37 ஆகிய அடுக்குகளின் எண்களை 1640இல் கணிதவியலாளர் ஃபெர்மா காரணிகளாக உடைத்தார். 29ஆவது அடுக்கின் எண்ணை 1738இல் ஆய்லரே உடைத்தார். 31 மட்டும் நின்றது. பிறகு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக அதுவே இருந்தது.

கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி முடிந்தது? எத்தனை எண்ணால் வகுத்துப் பார்த்திருப்பார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும். 2147483647இன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டுகிறது. அந்த எல்லைக்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆய்லர் அதைச் செய்யவில்லை. எந்தெந்த எண்கள் காரணியாக இருக்கவே முடியாது என்று முதலில் கழித்துக் கட்டினார்.

க என்ற பகா எண் 2³¹ − 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ கவால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை வரிசையாக கவால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போங்கள். மீதி 1 முதன்முதலில் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்தின் மடங்குகளில் மட்டுமே திரும்ப 1 வரும். 31ஆவது இடத்தில் 1 வருகிறது. 31 பகா எண் என்பதால் அது வேறு எந்தச் சிறிய இடத்தின் மடங்காகவும் இருக்க முடியாது; 1ஆவது இடத்திலேயே மீதி 1 வருவதும் நடக்காத காரியம். ஆக, 1 முதன்முதலில் வருவதே 31இல்தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (க − 1)ஆவது இடத்திலும் மீதி 1 வந்தாக வேண்டும். எனவே க − 1 என்பது 31இன் மடங்கு. க ஒற்றைப்படை எண், அதனால் க − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால், க − 1 என்பது 62இன் மடங்கு.

இது முதல் சல்லடை. இரண்டாவது இன்னும் அழகு. 2³¹இன் மீதி 1 என்றால் 2³²இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அதாவது, கவால் வகுத்து வரும் மீதிகளை மட்டும் எண்களாகக் கொண்ட உலகத்தில் (இதை கவின் மீதி உலகம் என்பேன்) 2 ஒரு வர்க்க எண். 2 வர்க்க எண்ணாக இருக்க வேண்டுமென்றால், கவை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும். இது எண் கோட்பாட்டில் பழைய தேற்றம்.

62ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண்களை, 62க்கும் 8க்கும் பொது மடங்கான 248இன் சுற்றில் பார்த்தால் 1, 63, 125, 187 என்ற நான்கு வகைதான். 8ஆல் வகுத்தால் இவை தரும் மீதிகள் முறையே 1, 7, 5, 3. நமக்கு வேண்டியது 1ம் 7ம் மட்டும். ஆக, காரணி ஏதாவது இருந்தால் அது 248இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்ந்த எண்ணாகவே இருக்க முடியும். 46,340க்குள் அப்படிப்பட்ட எண்கள் (1ஐயும் 63ஐயும் விட்டால்) மொத்தம் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்பதால் வேலை இன்னும் சுருங்கும்.

4,800 எங்கே, 372 எங்கே! கணிதத்தில் நிரூபணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன். நிரூபணம் கையில் இருந்ததால் ஒரு மனிதருக்கு மாதக்கணக்கான வகுத்தல் மிச்சமானது.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2இன் அந்த அடுக்கில் ஒன்று குறைத்தது எப்போதும் பகா எண்ணா?

இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கதை உடனே முடிந்துவிடும்: 2¹⁵ − 1 = 32767. பதினைந்தில் 3ம் 5ம் ஒளிந்திருப்பதால், இது 2³ − 1 ஆகிய 7ஆலும் 2⁵ − 1 ஆகிய 31ஆலும் வகுபடும் (7 × 31 × 151).

பகா அடுக்கிலேயே வழுக்கி விழும் முதல் எண் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. முப்பத்தொன்றின் பக்கத்து வீட்டுக்காரரான 29ஐப் பாருங்கள். மேலே சொன்ன அதே சல்லடையை 29க்குப் போட்டால், காரணியாகத் தகுதி பெறும் முதல் பகா எண் 233. அதால் வகுத்துப் பார்ப்போம். 2⁸ = 256, மீதி 23. 2¹⁶ என்பது 23இன் வர்க்கம் 529, மீதி 63. 2²⁴ என்பது 63 × 23 = 1449, மீதி 51. 2²⁹ என்பது 51 × 32 = 1632. அது 233 × 7 = 1631ஐ விட ஒன்று கூடுதல். மீதி 1! ஆக, 2²⁹ − 1 என்பது 233ஆல் மீதியின்றி வகுபடுகிறது. முதல் தட்டிலேயே உடைந்துவிட்டது. 31 அப்படி உடையவில்லை.

மெர்சென் பகா எண் என்கிறார்களே, அது என்ன?

2இன் அடுக்குக்கு ஒன்று குறைவாக அமைந்த பகா எண்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த துறவி மாரின் மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். 67ம் 257ம் தவறாக உள்ளே வந்துவிட்டன. 61, 89, 107 ஆகியவை விட்டுப்போயின. பட்டியலில் பிழை இருந்தாலும் பெயர் நிலைத்தது. வரிசையில் நம் எண் எட்டாவது.

இதைச் சோதிக்க இதைவிட வேகமான வழி உண்டா?

உண்டு. 1870களில் எதுவார் லூக்கா கண்டது, 20ஆம் நூற்றாண்டில் டி. எச். லேமர் செம்மைப்படுத்தியது. லூக்கா–லேமர் சோதனை என்று பெயர். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு எளிது. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். திரும்ப அதையே செய்யுங்கள். அடுக்கிலிருந்து 2ஐக் கழித்தால் வரும் எண்ணிக்கையளவு படிகள் முடிந்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

2⁷ − 1 = 127க்கு ஐந்து படி: 4 → 14 → 67 → 42 → 111 → 0. (194இல் 127 போக 67, மற்றவையும் அப்படியே.) கடைசிப் படியை மட்டும் விரித்துப் பாருங்கள்: 111இன் வர்க்கம் 12321, 2 போனால் 12319, அது சரியாக 127 × 97. கரும்பலகையில் அந்தப் பூஜ்யம் விழும்போது வகுப்பறையே ஒரு கணம் அமைதியாகும். 2147483647க்கு இதே போல 29 படிகள் போதும். இந்த வழியின் முந்தைய வடிவத்தை வைத்துத்தான் 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைக் கையாலேயே பகா எண் என்று நிறுவினார்.

நிறைவு எண்ணோடு இதற்கு என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் தன்னையே தரும் எண் நிறைவு எண். 6 = 1 + 2 + 3. அடுத்தது 28. ஒரு மெர்சென் பகா எண்ணை, அதன் அடுக்கில் ஒன்று குறைத்த 2இன் அடுக்கால் பெருக்கினால் ஒரு நிறைவு எண் வரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவு எண்கள் அனைத்தும் அந்த வடிவம்தான் என்று ஆய்லர் காட்டினார். நம் எண்ணின் ஜோடி 2³⁰ × 2147483647 = 2305843008139952128.

இந்த 19 இலக்க எண்ணைப் பற்றி ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811இல் ஒரு கருத்துச் சொன்னார்: இனிமேல் இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவற்றால் பயன் எதுவும் இல்லை, வெறும் வேடிக்கை என்பதால் யாரும் அந்தப் பாடுபட மாட்டார்கள் என்று. மனிதரின் ஆர்வத்தை அவர் குறைவாக எடை போட்டுவிட்டார். எழுபது ஆண்டுகள் ஆவதற்குள் லூக்கா வந்தார்.

கம்ப்யூட்டர் ஆட்கள் எல்லோருக்கும் இந்த எண் தெரிந்திருக்கிறதே, ஏன்? பகா எண் என்பதாலா?

அதனால் அல்ல. கணினியில் 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்தான் பிட். 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறிகளோடு முழு எண்களை வைத்தால், ஒரு பிட் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் ஒன்றாக இருப்பதுதான் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண். அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சம் 32767 பகா எண் அல்ல என்று மேலே பார்த்தோம். 64 பிட்டின் உச்சமான 2⁶³ − 1ம் அல்ல; 63 என்பது 3ஆல் வகுபடுவதால் அது 7ஆல் வகுபடும். 8 பிட்டின் 127ம் 32 பிட்டின் 2147483647ம் மட்டும் அதிர்ஷ்டசாலிகள்.

எல்லை நிரம்பி மேலும் 1ஐக் கூட்டினால் பல கணினி அமைப்புகளில் எண் −2147483648க்குத் தாவிவிடும். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்த அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணுகின்றன. அந்தக் கணக்கை 32 பிட்டில் வைத்திருப்பவற்றுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு எண்ணிக்கை 2147483647ஐத் தொடும். அடுத்த வினாடி நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் போய் நிற்கும். 2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையை எட்டியபோது, கணக்கை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு தரவுத்தள அட்டவணையில் வரிசை எண்ணுக்கு 32 பிட் போதும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் நள்ளிரவு தாண்டி புதிய பதிவுகள் எதுவும் சேரவில்லை. காரணம் புரியாமல் இரண்டு மணி நேரம் அலைந்தோம். கடைசியாக உள்ளே போன பதிவின் எண்ணை ஒருவர் சத்தமாக வாசித்தார். "இரண்டு, ஒன்று, நாலு, ஏழு..." என்று அவர் தொடங்கியதுமே எனக்கு மீதி ஆறு இலக்கமும் தெரிந்துவிட்டது.

அப்படியானால் இது பகா எண்ணாக இருப்பதால் நடைமுறையில் ஒரு பயனும் இல்லையா?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. சமவாய்ப்பு எண்கள், அதாவது குருட்டாம்போக்காகத் தோன்றும் எண்களை உருவாக்குவதில்.

முதலில் சின்ன உதாரணம். 7ஐ எடுங்கள். 1இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 3ஆல் பெருக்கி, 7ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 1, 3, 2, 6, 4, 5, பிறகு மீண்டும் 1. ஆறு எண்களும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன, அதுவும் கலைந்த வரிசையில். 2ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1, 2, 4, மீண்டும் 1. பாதியிலேயே திரும்பிவிட்டது. பெருக்கும் எண் சரியாக அமைந்தால் ஒரு பகா எண்ணின் மீதிகள் அனைத்தையும் ஒரு சுற்று வரலாம்.

நம் எண்ணில் 2ஆல் பெருக்கினால் 31 அடியில் சுற்று முடிந்துவிடும். ஆனால் 7ஆல் பெருக்கினால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 7இன் ஐந்தாம் அடுக்கான 16807க்கும் அதே குணம். காரணம் இதுதான்: 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்தக் காரணிகளில் 5 இல்லை. அதனால் ஐந்தைந்து அடியாகத் தாவினாலும் எந்த இடமும் விட்டுப்போகாது.

1இல் தொடங்கி 16807ஆல் பெருக்கினால் 16807, 282475249, 1622650073 என்று ஓடும். இந்த முறையை 1969இல் லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் ஐபிஎம் 360 கணினிக்காகப் பயன்படுத்தினார்கள். 1988இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாக இதையாவது எல்லோரும் பின்பற்றுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஓர் அடையாளமும் உண்டு: 1இல் தொடங்கினால் பத்தாயிரமாவது எண் 1043618065 ஆக வர வேண்டும். இன்றைய கணினி மொத்தச் சுற்றையும் சில வினாடிகளில் ஓடிவிடும் என்பதால் பெரிய ஆய்வுகளுக்கு இதை நம்பாதீர்கள். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்லது கிடையாது.

இந்த எண்ணால் வகுப்பது எளிது என்கிறார்கள். எப்படி?

99ஆல் வகுத்து மீதி காண ஒரு குறுக்குவழி உண்டு. எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வலமிருந்து வெட்டிக் கூட்டினால் போதும். 34725 என்றால் 3 + 47 + 25 = 75. அதுதான் மீதி. 100ஐ 99ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் இது நடக்கிறது. அதே வேலையைக் கணினி 2147483647க்குச் செய்யும்: 31 பிட், 31 பிட்டாக வெட்டிக் கூட்டிவிடும். வகுத்தலே தேவையில்லை.

வர்க்கமூலம் இன்னும் சுவையானது. மீதி உலகத்தில் ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் இருக்குமானால், அந்த எண்ணை 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் கையில் வந்துவிடும்! சின்ன அண்ணன் 31இல் சரிபாருங்கள். அதற்கு 3 முறை. 2ஐ எடுத்தால் 4, 16, பிறகு 256. 256இன் மீதி 8. எட்டெட்டு அறுபத்து நான்கு, மீதி 2. வர்க்கமூலம் கிடைத்துவிட்டது. முன்னோக்கி நடந்தே பின்னால் போய்ச் சேர்வது போன்ற வித்தை இது.

இரட்டைப் பகா எண் ஜோடி உண்டா? இரண்டு வர்க்கங்களின் கூடுதலா? பகா எண் வரிசையில் எத்தனையாவது?

ஜோடி இல்லை. இரண்டு குறைத்தால் 5இல் முடியும். இரண்டு கூட்டினால் 3 × 715827883. (அந்த 715827883ம் பகா எண்தான்.) இதற்கு முந்தைய பகா எண் 2147483629. 4ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. 2இலிருந்து எண்ணினால் இது 10,50,97,565ஆவது பகா எண். இந்தப் பகுதியில் ஏறக்குறைய 21 எண்களுக்கு ஒன்று வீதம் பகா எண்கள் வருகின்றன.

இதையே அடுக்காக வைத்தால்? 2இன் 2147483647ஆவது அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வருமா?

ஆசைப்படக் காரணம் உண்டு. 3 ஒரு மெர்சென் பகா எண், 2³ − 1 = 7ம் பகா எண். 7 அப்படி, 127ம் அப்படி. 31ம் அப்படி, அதை அடுக்காக வைத்துத்தான் நம் எண்ணே வந்தது. 127ஐ அடுக்காக வைத்தால் லூக்காவின் 39 இலக்க எண். நான்கும் சரியாக வந்தன.

இந்த எண்ணோ 64 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்டது. முழுதாக எழுதிப் பார்க்காமலே அதன் ஒரு காரணியைக் கண்டுவிட்டார்கள்: 295257526626031. ஆய்லரின் முதல் சல்லடை இங்கேயும் வேலை செய்கிறது. அந்தக் காரணியில் 1ஐக் கழித்தால் அது 2 × 2147483647இன் சரியான 68,745 மடங்கு. ஆக, பகு எண். ஆசை அங்கே முடிந்தது.

ரகசியக் குறியாக்கத்துக்கு இதைப் பயன்படுத்தலாமா?

பெரிய பகா எண்களை நம்பி இயங்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கம் போன்றவற்றுக்குக் கூடவே கூடாது, மிகச் சிறியது. அங்கே முந்நூறு இலக்கத்தை ஒட்டிய பகா எண்கள் வேண்டும். ஆனால் ஒரு கணக்கீடு சரியாக நடந்தது என்று சுருக்கமாக நிரூபித்துக் காட்டும் புதிய முறைகளில் இந்த எண் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. அங்கே 2இன் பெரிய அடுக்கை எண்ணிக்கையாகக் கொண்ட ஒரு குழு, அதாவது தங்களுக்குள்ளேயே சுற்றி வரும் உறுப்புகளின் கூட்டம், தேவைப்படுகிறது. பூஜ்யம் போக மீதிகளின் எண்ணிக்கையான 2147483646இல் 2 ஒரே ஒரு முறைதான் காரணியாக இருப்பதால் சாதாரண வழி அடைபட்டுவிடும். ஆனால் வட்டத்தின் சமன்பாடு, அதாவது இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1, என்பதை இந்த மீதி உலகத்தில் தீர்த்தால் கிடைக்கும் புள்ளிகள் சரியாக 2³¹. தேவைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. வட்ட ஸ்டார்க் என்று 2024இல் வெளியான முறையின் அடிப்படை இதுதான்.

இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

நான் இதை எழுதும்போது 2இன் 136279841ஆவது அடுக்கில் ஒன்று குறைவு. 4,10,24,320 இலக்கங்கள். 1996 முதல் நடந்துவரும் ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் லூக் டுராண்ட் 2024 அக்டோபரில் கண்டார். இதுவும் மெர்சென் பகா எண்தான், நம் எண்ணின் கொள்ளுப்பேரன். உறுதிசெய்த சோதனையும் அதே லூக்கா–லேமர்: 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து.

நானே கையால் சோதிக்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். 248இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்த்த எண்களை வரிசையாக எழுதி, பகு எண்களை அடித்துவிடுங்கள். 249 மூன்றால் போகும், 497 ஏழால் போகும், 559 பதின்மூன்றால். மிஞ்சும் முதல் ஐந்து: 311, 1303, 1489, 2543, 2729.

நீள வகுத்தல் போட வேண்டாம். 311க்கு: 2⁸ = 256, அது 311ஐ விட 55 குறைவு, அதாவது −55 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வர்க்கம் 3025, அதாவது −85, இது 2¹⁶. இரண்டையும் பெருக்கினால் 2²⁴ = 4675, மீதி 10. இன்னும் 2⁷ வேண்டும்: 10 × 128 = 1280, மீதி 36. ஒன்றைக் கழித்தால் 35. பூஜ்யம் வரவில்லை, எனவே 311 காரணி இல்லை. 1303க்கு 226, 1489க்கு 199, 2543க்கு 1523, 2729க்கு 799 என்று மீதி வர வேண்டும். உங்களுக்கும் அதே வந்தால் வழி சரி. அடுத்த எண்ணுக்குப் போங்கள், 46,340ஐத் தொடும் வரை.